மழைக்கால மலையகப் பயணமும் காட்டில் ஓர் இரவும்: முதன்முறை செல்பவர்களுக்கு

மழைக்காலத்தில் மலையகத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இரண்டு: எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம்? யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகின்றவர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மாரிதான் நினைவுக்கு வரும். மலையகத்தில் அந்தக் கணக்கு பாதிதான் சரி. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பகுதிகளை நாட்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். அதே காற்று முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரத்தை இழந்து வரண்ட கச்சான் காற்றாகிவிடுவதால், யூலை, ஆகஸ்ட் மாதங்களில் வட்டவளையில் குடையை மடிக்க முடியாத அதே நாளில் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வெயில் அடிப்பதைக் காணலாம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை இது தலைகீழாகிவிடும். அப்போது பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் நனையும். ஹட்டன் பக்கம் ஓரளவு தெளிந்திருக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு காற்றுக்கும் முகங்கொடுத்து நிற்பதால் அங்கு எந்த மாதத்திலும் மழைக்கு ஆயத்தமாகவே போக வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் காலை வெளுத்திருந்து, பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். புதியவர்களுக்கு இது நல்ல காலம், ஏனெனில் மழையின் நேரத்தை ஏறக்குறைய ஊகித்துக்கொள்ளலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மட்டும் முதற்பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். இரு பக்கமும் நனைகின்ற அந்தக் காலத்தில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்களும் உருவாகும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எண்ணற்ற சரிவுகள் நிகழ்ந்ததும் இந்தப் பருவத்தில்தான்.

இனிச் சொல்லப்போவது, ஒரு கார் அல்லது வானில் நான்கைந்து பேர் போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் திரும்புகின்ற பயணத்துக்கானது.

முதற்படி: எச்சரிக்கையைப் படிக்கப் பழகுதல்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையைப் பலரும் பார்க்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பவர்கள் குறைவு. மலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவதே முக்கியம். அது பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மூன்று நிறங்களில் வெளிவரும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழையைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு என்பது அதன் பொதுவான அடிப்படை. சிவப்பு என்றால் அங்கு குடியிருப்பவர்களே வெளியேற வேண்டும் என்று பொருள். ஆகவே சுற்றுலாப் பயணி உள்ளே நுழைவதைப் பற்றிப் பேச்சே இல்லை. செம்மஞ்சளுக்கு நான் பயணத்தைத் தள்ளிப்போடுவேன். மஞ்சளுக்குப் போவேன், ஆனால் பிரதான வீதியை விட்டு விலக மாட்டேன், கூடாரத்துக்குப் பதிலாக அறை எடுத்துத் தங்குவேன்.

உங்கள் வழி எந்தெந்தப் பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கூடாகச் செல்கிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, முந்திய இரவும் புறப்படும் காலையும் சரிபார்க்கவும். மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தபின்னும் எச்சரிக்கை நீடிப்பதைக் கண்டு, மறந்துபோய் நீக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மண்ணுக்குள் இறங்கிய நீர் வடிந்து முடியும்வரை சரிவு பாரமாகவே இருக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸின் 119, சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவையின் 1990 ஆகிய மூன்று இலக்கங்களையும் எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வண்டி

டயரின் பூ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வைப்பர் இறப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். உபரி டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் விடயத்தில்தான் சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் தவறுகிறார்கள். ஏற்றத்தைக் கண்டு பயப்படுகின்ற அவர்கள், உண்மையில் பயப்பட வேண்டிய இறக்கத்தை ஓய்வு நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்ல ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீட்டருக்குள் வீதி அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த இறக்கத்தில், பின்னால் வந்த வண்டிகள் ஹோர்ன் அடித்த அவசரத்தில், கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் பின் இருக்கையிலிருந்த மாமா, "தம்பி, ஏதோ கருகிற மணம் வருது, வண்டிய ஓரமா விடுங்கோ" என்றார். நிறுத்துவதற்காக மிதித்தபோது பெடல் பஞ்சுபோல உள்ளே போயிற்று. வண்டி நிற்கும் முன் நெஞ்சு நின்றுவிட்டது. முக்கால் மணிநேரம் காத்திருந்து, சில்லுகள் தாமாக ஆறியபிறகே மீண்டும் புறப்பட்டோம். அப்படிச் சூடேறிய சில்லில் தண்ணீர் ஊற்றக்கூடாது, டிஸ்க் வளைந்துவிடும்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏற முடியுமோ அதே கியரில் இறங்குவது பழைய சாரதிகளின் கணக்கு, இன்றும் அது பிழைப்பதில்லை. ஓட்டோ கியர் வண்டியில் 'எல்' அல்லது '2', ஜப்பான் ஹைபிரிட் வண்டிகளில் 'பி' என்ற நிலை இதற்காகவே இருக்கிறது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வைத்திருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுவதே முறை.

பனிமூட்டத்தில் ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கவும். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு சிக்னல் விளக்குகளையும் எரியவிடுவது நம்மிடையே பரவிவிட்ட கெட்ட பழக்கம். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். முன்கண்ணாடியின் உட்புறம் மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டிருக்காமல் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: வழியும் மணிக்கூடும்

மழைக்கால மலைப்பயணத்தில் தீர்மானிக்கின்ற பொருள் மணிக்கூடுதான். மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பின்னர் வலுக்கிறது. பள்ளத்தாக்குகளில் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்குகிறது. காட்சியும் காலையில்தான் கிடைக்கிறது. விடியுமுன் புறப்பட்டு, மதியத்துக்குள் ஓட்டத்தை முடித்து, மூன்று மணிக்குக் கூடாரம் நிற்கும்படி நாளைத் திட்டமிடுங்கள். மூன்றரைக்குப் பின்னும் முகாமிடத்தை அடையவில்லையென்றால் அன்றைக்குக் கூடாரத்தை மறந்துவிட்டு, வழியிலுள்ள நகரத்தில் அறை எடுங்கள். இந்த ஒரு விதியை மட்டும் கைக்கொண்டால் மற்றத் தவறுகள் பெரும்பாலும் மன்னிக்கப்படும்.

கொழும்பிலிருந்து வருகின்றவர்களுக்கு அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதி அழகானது. தலவாக்கலைக்கு அருகில் டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளை வண்டியை ஓரங்கட்டிவிட்டே பார்க்கலாம். வடக்கிலிருந்து ஏ9 வழியாகக் கண்டிக்கு வருகின்றவர்களுக்குப் பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதி பொருத்தம். தென்மேற்குப் பருவத்தில் இரண்டுமே மழைவழிகள்தாம். அக்காலத்தில் நுவரெலியாவில் நிற்காமல் ஹக்கலை, வெலிமடை ஊடாகப் பண்டாரவளைக்கோ அப்புத்தளைக்கோ இறங்கிவிட்டால், ஒரே நாளில் மழை, பனி, வெயில் மூன்றையும் கடந்துவந்திருப்பீர்கள். முதற்பயணத்துக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியையே.

கூகுள் வரைபடம் குறுக்குவழி என்று காட்டுகின்ற தோட்டப் பாதைகளில் மழைநாளில் இறங்க வேண்டாம். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய, ஓரம் இடிந்த பாதைகள் அவை. எதிரே கொழுந்து லொறி வந்தால் அரைக் கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டவும் நேரிடலாம். ஒடுங்கிய இடங்களில் ஏறி வருகின்ற வண்டிக்கு இறங்குகின்ற வண்டி இடம்விடுவதே வழக்கம்.

ஒருமுறை புசல்லாவையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, தேங்காய் அளவில் இரண்டு கற்கள் வீதியில் கிடந்தன. ஓரமாக ஒதுக்கிப் போய்விடலாம் என்று கீழே இறங்கினேன். தேநீர்க்கடை வாசலில் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, கல்ல தொடாதீங்க. மேல மண்ணு இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கு. வண்டிய பின்னுக்கு எடுத்துட்டு ஒரு டீத்தண்ணி குடிங்க" என்றார். காது கொடுத்துக் கேட்டேன். உண்மையில் மேலே சிறு கற்கள் உருளும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. தேநீர் முடியும் முன்னே மூன்று தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே மண்ணோடு வழுக்கி வீதிக்கு வந்து நின்றன. வீதியில் புதிய வெடிப்பு, சாய்ந்துபோன மின்கம்பமோ மரமோ, வழக்கமாகத் தெளிந்து ஓடும் ஊற்று திடீரெனச் சேறாவது அல்லது நின்றுபோவது, மேலிருந்து உருளும் சிறு கற்கள் ஆகிய எதைக் கண்டாலும் அந்தச் சரிவின் கீழே வண்டியை நிறுத்தாமல் வந்த வழியே திரும்புங்கள். ஊரவர் போக வேண்டாம் என்றால் விவாதிக்க வேண்டாம்.

நான்காம் படி: எங்கே தங்குவது, யாரிடம் அனுமதி பெறுவது

காடு என்று கண்ட இடத்திலெல்லாம் கூடாரம் அடிக்க முடியாது. ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவாகையால் அங்குள்ள முகாமிடங்களை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. இவ்விரண்டும் சிவனொளிபாதமலைக் காட்டோடு சேர்த்து 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை. அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. முதல் இரவைக் காட்டோரத்திலுள்ள தனியார் முகாமிடத்தில் கழியுங்கள். இல்லுக்கும்புர, மீமுரே, பெலிஹுல் ஓயா ஆகிய இடங்களில் கிராமத்தவர்களே நடத்தும் முகாமிடங்கள் உள்ளன. கழிப்பறை இருக்கும், மழை மிஞ்சினால் ஓடிப்போய் ஒதுங்க ஒரு கூரை இருக்கும், சமைத்தும் தருவார்கள். ஹோட்டன் சமவெளியை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2100 மீட்டர் உயரத்தில், சனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி படியும் அந்த இடம் நனைந்த உடுப்போடு படுக்கத் தகுந்ததல்ல.

மீமுரேயில் தொலைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே இறங்குங்கள். எரிபொருளைக் கடைசிப் பெரிய நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளவும். சிறு கடைகளில் காசுத்தாள்தான் செல்லும்.

ஐந்தாம் படி: கூடாரம் அடித்தல்

நான் முதன்முதலில் கூடாரம் அடித்தது இரத்தோட்டைக்கு மேலே, றிவர்ஸ்டன் பக்கத்தில். சுற்றிலும் கல்லும் வேருமாக இருந்த இடத்தில் ஒரு துண்டு மட்டும் மேசைபோலச் சமமாக, மிதித்தால் மெத்தைபோல அமுங்கியது. எங்களுக்காகவே விரித்து வைத்ததுபோல இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். இரவு இரண்டு மணிக்குக் கண்விழித்தபோது முதுகுக்குக் கீழே ஏதோ அசைந்தது. கையை வைத்துப் பார்த்தால், கூடாரத்தின் அடித்துணி தண்ணீரின்மேல் தளும்பிக்கொண்டிருந்தது. அது மழைநீர் வந்து தங்குகின்ற குழி. மெத்தென்றிருந்ததற்குக் காரணமே அதுதான். மீதி இரவை நான்கு பேரும் காருக்குள் உட்கார்ந்து கழித்தோம்.

ஆகவே சமதரையைத் தேடாமல், நீர் வடியக்கூடிய சிறு மேட்டைத் தேடுங்கள். ஒரு போத்தல் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று தெரிந்துவிடும். அடுத்ததாகத் தலையை நிமிர்த்திப் பாருங்கள். டர்பன்டைன் என்று தோட்டங்களில் சொல்லப்படும் யூகலிப்டஸ் மரங்களின் கீழும், பட்ட கிளைகளின் கீழும் படுக்கக்கூடாது. மழைக்காலத்தில் வீதியை மறித்து விழுகின்ற மரங்களில் அவைதான் அதிகம். மரத்திலோ பாறையிலோ குளவிக்கூடு தொங்குகிறதா என்றும் கவனிக்கவும். கொழுந்து பறிப்பவர்களைக் குளவி கொட்டியது என்ற செய்தி மலையகத்தில் அடிக்கடி வருவது. அதை வேடிக்கையாக எண்ணிப் புகை போடவோ கல்லெறியவோ வேண்டாம்.

ஆற்றங்கரையில் நீர்மட்டத்திலிருந்து நன்கு உயர்ந்த இடமே பாதுகாப்பானது. உங்கள் தலைக்கு மேலே வானம் வெளித்திருந்தாலும் முகட்டில் பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும். நீர் நிறம் மாறிச் சருகும் குச்சியும் மிதந்துவரத் தொடங்கினால், பொருட்களை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். மேல் கொத்மலை, லக்ஷபான, கெனியன் போன்ற நீர்த்தேக்கங்களின் கீழ்ப்பகுதியில் குளிப்பதையும் தவிர்க்கவும்; தென்மேற்குப் பருவத்தில் அவற்றின் வான்கதவுகள் அடிக்கடி திறக்கப்படுகின்றன.

கூடாரத்தை விரிப்பதற்கு முன் மழைக்கான மேல்விரிப்பான படங்கைக் கட்டுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மழையில் நனைந்த கூடாரத்துக்கு மேல் படங்கு போடுகிறார்கள். இரண்டு மரங்களுக்கிடையே தலைக்குமேல் கயிறு இழுத்து, படங்கை ஒரு பக்கம் சரிவாக இருக்கும்படி கட்டிவிட்டால், அதன் கீழே நனையாமல் கூடாரம் அடிக்கலாம், சமைக்கலாம். கயிற்றின் வழியே நீர் வழிந்து உள்ளே வராதிருக்க, அதில் ஒரு சிறு துணித்துண்டை முடிந்துவிடுங்கள். நீர் அந்த முடிச்சிலேயே சொட்டிவிடும். கூடாரத்தின் கீழே விரிக்கும் தாள் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு விரலளவும் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நீட்டினால் மேலே விழும் மழையை ஏந்தி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். மேற்போர்வை தனியாக உள்ள இரட்டைச் சுவர்க் கூடாரமே மழைக்கு ஏற்றது. பாதுகாக்கப்பட்ட காட்டில் விறகுத் தீ மூட்டாமல் சிறிய கேஸ் அடுப்பைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு குளிரானாலும் அதைக் கூடாரத்துக்குள் எரிக்கக்கூடாது, காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

சாப்பாட்டை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்தால் போதும். பருப்பும் டின் மீனும் மறுநாளுக்கு.

ஆறாம் படி: அட்டையும் குளிரும்

அட்டை கடித்தால் ஆபத்தொன்றுமில்லை, அருவருப்புத்தான். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறைமேல் சவர்க்காரத்தையோ சித்தாலேப தைலத்தையோ தாராளமாகப் பூசுங்கள். கடித்துவிட்டால் இழுத்துப் பிடுங்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெதுவாக நெம்பி விலக்கவும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் காயம் சிறிது நேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பாம்புக்கடி வேறு விடயம். சருகுக்குள் சுருண்டு கிடக்கும் விரியன்களை இருட்டில் காண முடியாது. டோர்ச் இல்லாமலும் சப்பாத்து இல்லாமலும் கூடாரத்தை விட்டு இறங்காதீர்கள். கடித்தால் இறுக்கிக் கட்டவோ, வெட்டவோ, உறிஞ்சவோ செய்யாமல், காலை அசைக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

குளிரை யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும். அதோடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கும். ஒரு சோடி உடுப்பைப் பொலித்தீன் பைக்குள் கட்டி, படுக்கும்போது மட்டும் உடுத்துவதற்கென்று வைத்துவிடுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக்கூடாது. யாராவது விடாமல் நடுங்கினாலோ பேச்சுக் குழறினாலோ ஈர உடுப்பைக் களைந்து, போர்த்தி, சீனி போட்ட சூடான பிளேன்ரீ கொடுங்கள். சாராயம் குளிருக்கு நல்லது என்று போத்தலைத் திறக்கும் நண்பர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். குடித்தால் தோலில் சூடு தெரிவது உண்மை. அந்தச் சூடு உடம்புக்குள்ளிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

ஏழாம் படி: காலைக் காட்சியும் திரும்புதலும்

இரவு முழுவதும் பெய்து ஓய்ந்த மழைக்குப் பின், ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை மலை தன்னைக் காட்டும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்தான மலைவிளிம்பைப் பார்க்க விரும்புகின்றவர்கள் ஒன்பதுக்குள் அங்கு போய்ச் சேராவிட்டால், வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். ஒன்பது கிலோமீட்டர் அளவிலான அந்தச் சுற்றுப்பாதையில் வேலி எல்லா இடத்திலும் இல்லை. ஈரப்பாறையின் விளிம்பில் நின்று படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். பொலித்தீன் உறைகளை வாயிலிலேயே வாங்கிவிடுவார்கள் என்பதால் உணவைப் பாத்திரத்தில் கொண்டுபோகவும்.

பத்து மணிக்குள் கூடாரத்தைக் கழற்றி, குப்பையை உங்கள் பையிலேயே போட்டுக்கொண்டு புறப்படுங்கள். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை இரண்டுமுறை மிதித்துப் பாருங்கள், சில்லுகளில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் தட்டிவிடுங்கள், முகாமிடக்காரரிடம் இரவு எங்காவது வீதி அடைபட்டதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைக்காமல் விறாந்தையில் விரித்துக் காயவிடுங்கள். காலுறைகளை உள்ளே கொண்டுபோகும் முன் வாசலிலேயே உதறிப் பாருங்கள்.